எருசலேமுக்குப் போன பிள்ளைகள்: யூத இளைஞரின் குழுப் பயணங்களும் நினைவின் கல்வியும்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளியும் வாலிபர் முகாமும் நடைபெறுவது வழக்கம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளிலிருந்து நம் வாலிபரை ஏலகிரி மலைக்கு அழைத்துச் செல்கிறோம். வசதியுள்ள சபையார் கடல் கடந்து பரிசுத்த பூமிக்கும் போய் வருகின்றனர். இப்பயணங்களால் பிள்ளைகளின் உள்ளத்தில் நிகழ்வது யாது என்று நாம் கேட்பதோ அரிது. புறப்படுமுன் ஜெபம், திரும்பியபின் சாட்சி, நடுவே சில புகைப்படங்கள். இவற்றோடு நம் பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம்.

இக்கேள்வியை நம்மைவிட நெடுங்காலமாகக் கேட்டு வந்த சமுதாயம் ஒன்று உண்டு. அது யூத சமுதாயம். தம் பிள்ளைகளைக் கூட்டமாகத் திரட்டி நெடும்பயணம் அனுப்புவதை அவர்கள் பொழுதுபோக்காகக் கருதவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை நினைவை ஒப்படைக்கும் வழியாகக் கருதினர். அந்த வரலாற்றின் உயர்வையும் குறைவையும் ஒருங்கே ஆராய்ந்து, பாலாற்றங்கரையில் ஊழியம் செய்யும் நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் எது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பண்டிகை யாத்திரை

ஆண்டுக்கு மூன்று முறை, புளிப்பில்லா அப்பப் பண்டிகையிலும் வாரங்களின் பண்டிகையிலும் கூடாரப் பண்டிகையிலும், கர்த்தருடைய சந்நிதிக்கு வரவேண்டுமென்று உபாகமம் 16-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. 120 முதல் 134 வரையுள்ள பதினைந்து ஆரோகண சங்கீதங்கள் இத்தகைய யாத்திரையோடு தொடர்புடையவை என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. பஸ்கா இரவில் பிள்ளை கேள்வி கேட்கவேண்டும், தகப்பன் விடுதலையின் கதையைச் சொல்லவேண்டும் என்ற ஒழுங்கு யாத்திராகமத்திலேயே வேர்கொண்டுள்ளது. யூதர் நடுவில் பயணமும் கதையும் பிள்ளையின் கேள்வியும் தொடக்கமுதல் இணைந்தே இருந்தன.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் நாம் காணும் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசுவும் இத்தகைய குழுப் பயணத்தில் சென்றவரே. உறவின்முறையாரும் அறிமுகமானவர்களும் ஒரு கூட்டமாக நடந்து சென்றபடியால்தான் அவர் இல்லாததை ஒருநாள் தூரம் வரையில் பெற்றோர் கவனிக்கவில்லை. மூன்று நாளுக்குப் பின் அவரை எங்கே கண்டார்கள்? போதகர் நடுவில் உட்கார்ந்து, கேட்கிறவராகவும் வினவுகிறவராகவும் கண்டார்கள். கூட்டத்தோடு போன பிள்ளை கூட்டத்தைவிட்டு விலகிக் கேள்வி கேட்கத் துணிந்ததை லூக்கா ஒரு குற்றமாக எழுதவில்லை. பின்வரும் வரலாற்றை ஆராய்கையில் இதனை நாம் மறத்தலாகாது.

2. பொழுதுபோக்கு உயிர்காப்பானது

கி.பி. 70-இல் தேவாலயம் இடிக்கப்பட்டபின் பழைய பண்டிகை யாத்திரை நின்றது. எருசலேமின் நினைவு வீட்டு மேசையிலும் ஜெபப் புத்தகத்திலும் வாழ்ந்தது. இளைஞரின் குழுப் பயணம் புதிய உருவில் மீண்டும் எழுந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆகும். அங்கே ‘வாண்டர்ஃபோகல்’ என்ற இளைஞர் இயக்கம் மாணவரை நகரத்திலிருந்து காட்டுக்கும் மலைக்கும் நடைப்பயணமாக அழைத்துச் சென்றது. அதன் கிளைகள் சில யூதப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்தவன் நடைப்பயணத்தில் புறம்பானவன் ஆனான். இந்நிலையில் 1912-இல் ‘நீலம் வெள்ளை’ என்று பொருள்படும் ‘பிளாவ் வைஸ்’ என்ற யூத இளைஞர் நடைப்பயண இயக்கம் தோன்றியது.

இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. பெர்லினில் ஒரு ரபியின் மனைவியாகிய ரேகா ஃப்ரையர் என்பவர், யூத இளைஞருக்கு வேலை மறுக்கப்படுவதைக் கண்டு, அவர்களைக் குழுக்களாகப் பாலஸ்தீனத்திலுள்ள கூட்டுப் பண்ணைகளுக்கு அனுப்பத் திட்டமிட்டார். அதற்கான சங்கம் 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லர் பிரதமராகப் பதவியேற்ற அதே நாளில், நிறுவப்பட்டது. எருசலேமில் அப்பணியின் பொறுப்பை ஏற்றவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஹென்றியெட்டா சோல்ட் அம்மையார். 1934-இல் முதற்குழு ஐன் ஹரோத் பண்ணையை அடைந்தது. போர் மூளுமுன் ஏறக்குறைய 5,000 இளைஞர் இவ்வாறு காக்கப்பட்டனர். 1938 டிசம்பருக்கும் 1939 செப்டம்பருக்கும் இடையில் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் இரயிலிலும் கப்பலிலும் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் நிலையத்தில் கையசைத்து நின்ற பெற்றோரை மறுபடியும் காணவில்லை.

இவ்வரலாறு நம் துணைக்கண்டத்தின் கரையையும் தொட்டது. போலந்திலிருந்து சோவியத் நாட்டின் வழியாகத் தெஹ்ரானை அடைந்த யூதப் பிள்ளைகள் எழுநூறு பேருக்கு மேல், 1943-இன் தொடக்கத்தில் கப்பலேறிக் கராச்சிக்கு வந்து, அங்கிருந்து சூயஸ் வழியாகச் சென்று, பிப்ரவரி 18 அன்று பாலஸ்தீனத்திலுள்ள அத்லித்தை அடைந்தனர். பெரும்பாலோர் அனாதைகள். யூத இளைஞரின் பிற்காலக் கோடைப் பயணங்களை மதிப்பிடுகிறவர் இப்பிள்ளைகளை நினைவிற்கொண்டே மதிப்பிட வேண்டும். பயணம் என்ற சொல்லே அச்சமுதாயத்தின் காதில் வேறுவிதமாக ஒலிக்கிறது.

3. கோடைப் பயணங்கள்

1948-இல் இஸ்ரவேல் நாடு உருவானபின், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த யூத சமுதாயங்கள் தம் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் குழுவாக அங்கே அனுப்பத் தொடங்கின. ‘யங் ஜூடேயா’ என்ற அமெரிக்க இளைஞர் சங்கம் 1950-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. ‘யுனைடெட் சினகாக் யூத்’ என்ற சங்கமோ 1950-களில் தொடங்கிய தன் கோடைப் பயணத்திற்கு ‘இஸ்ரவேல் யாத்திரை’ என்றே பெயரிட்டது. உல்லாசப் பயணத்திற்கு யாத்திரை என்று பெயர் சூட்டியதில் ஓர் இறையியல் நோக்கம் இருந்தது.

இப்பயணங்களில் செல்வோர் பெரும்பாலும் பதினைந்து முதல் பதினெட்டு வயதினர். சில வாரங்கள் ஒரே பேருந்தில் பயணம். ஒரே அறையில் நால்வர். இரவில் வட்டமாக அமர்ந்து பகலில் கண்டதைப் பற்றிய உரையாடல். விடியுமுன் மசாதா மலையேறிச் சூரியோதயம் காண்பார்கள், சாக்கடலில் மிதப்பார்கள், வெள்ளிக்கிழமை மாலை எருசலேமின் மேற்கு மதிலருகே ஓய்வுநாளை வரவேற்பார்கள், கொலையுண்ட அறுபது இலட்சம் பேரின் நினைவகமாகிய யாத் வஷேமில் மௌனமாக நடப்பார்கள். தம் ஊரில் வகுப்புக்கு ஒருவர் இருவராக இருந்த பிள்ளைகள், ஒரு நகரம் முழுவதும் ஓய்வுநாளுக்காக அடங்குவதை முதன்முதலாகக் காண்கிறார்கள். சிறுபான்மையாக வளர்ந்தவனுக்கு அது எத்தகைய அனுபவம் என்பதைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவராகிய நாம் எளிதில் உணரலாம். நம் பிள்ளைகளும் ஒரு பெரிய கன்வென்ஷன் கூட்டத்தில் முதன்முறையாக நின்றபோது, ‘நாம் இத்தனை பேரா!’ என்று வியந்ததுண்டு.

1988 முதல் ‘உயிருள்ளோர் நடைப்பயணம்’ என்ற நிகழ்ச்சியும் நடைபெறுகிறது. இது கோடையிலன்றி வசந்த காலத்தில் நிகழ்வது. பல நாட்டு யூத இளைஞர், படுகொலை நினைவு நாளில், போலந்திலுள்ள அவுஷ்விட்சிலிருந்து பிர்க்கனவ் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடக்கின்றனர்; பின்பு இஸ்ரவேலுக்குச் சென்று அந்நாட்டின் சுதந்தர நாளைக் கொண்டாடுகின்றனர். அதே ஆண்டில் இஸ்ரவேல் கல்வி அமைச்சும் தன் பள்ளி மாணவரைப் போலந்துக்கு அனுப்பத் தொடங்கியது. 1999-இன் இறுதியில் ‘பிறப்புரிமை’ என்ற திட்டத்தின் முதற்குழுக்கள் புறப்பட்டன. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட இளைஞருக்குப் பத்து நாள் இலவசப் பயணம் அளிக்கும் அத்திட்டத்தில் இதுவரை எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றுள்ளனர்.

இப்பயணங்களை யூத அறிஞரே நுணுகி ஆராய்ந்துள்ளனர் என்பது பாராட்டத்தக்கது. போலந்துக்குச் செல்லும் இஸ்ரவேல் மாணவரோடு உடன் சென்று ஆராய்ந்த மானிடவியலாளர் ஜாக்கி ஃபெல்ட்மன் 2008-இல் ஒரு நூல் வெளியிட்டார். மாணவர் கொடியும் காவலருமாகத் தங்களுக்குள் மூடுண்ட ஒரு கூட்டமாகவே அந்நாட்டில் நடமாடுகின்றனர் என அவர் காட்டினார். ‘பிறப்புரிமை’ப் பயணங்களை ஆராய்ந்த ஷால் கெல்னரின் நூல் 2010-இல் வெளிவந்தது. வழிகாட்டி சொல்லும் கதையும், பேருந்துத் தோழமையும், இரவு உரையாடலும் சேர்ந்தே ஓர் இடத்திற்குப் பொருள் ஊட்டுகின்றன என்றும், இளைஞரோ அக்கதையை அப்படியே விழுங்கிவிடுகிறவர் அல்லர் என்றும் அவர் விளக்கினார்.

4. சொல்லப்பட்டதும் சொல்லாமல் விடப்பட்டதும்

இங்கே நாம் இவ்வரலாற்றின் மையமான சிக்கலுக்கு வருகிறோம். மசாதாவையே எடுத்துக்கொள்வோம். ரோமருக்கு அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று 960 பேர் அங்கே மாண்டனர். இரண்டு பெண்களும் ஐந்து பிள்ளைகளும் மட்டுமே எஞ்சினர் என்று யோசேப்பஸ் எழுதினார். பல நூற்றாண்டுகளாக யூத மரபு இந்நிகழ்ச்சியைப் போற்றவில்லை. தல்மூதில் இது இடம்பெறவில்லை. 1942-இல் ஷ்மரியா குட்மன் என்பவர் இளைஞர் இயக்கத் தலைவர்களை அம்மலைக்கு அழைத்துச் சென்று பயிற்சி கொடுத்தபின்பே அது இளைஞரின் யாத்திரைத் தலமாக உயர்ந்தது. 1963 முதல் 1965 வரை யிகாயேல் யாதின் நடத்திய அகழாய்வு அதன் புகழை உலகெங்கும் பரப்பியது.

ஆயினும் அதே யோசேப்பஸ் மற்றொரு செய்தியையும் எழுதியுள்ளார். மசாதாவைப் பிடித்திருந்த அக்கூட்டத்தார், ஒரு பஸ்கா இரவில், அருகிலிருந்த எங்கேதி என்ற யூதக் கிராமத்தின்மேல் பாய்ந்து கொள்ளையிட்டு, ஓடமுடியாத பெண்களும் பிள்ளைகளுமாக எழுநூறு பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். சூரியோதயத்தில் மலையுச்சியில் நின்ற இளைஞருக்கு இது நெடுங்காலம் சொல்லப்படவில்லை. 1995-இல் சமூகவியலாளர் நக்மன் பென் யெஹூதா, மசாதாவின் கதை எவ்வாறு தெரிந்தெடுத்துச் சொல்லப்பட்டது என்பதை விரிவாக வெளிப்படுத்தினார். வழிகாட்டிகள் பொய் சொன்னார்கள் என்பதன்று. உண்மையின் ஒரு பகுதியைச் சொல்லி மறு பகுதியை விட்டார்கள்.

நம் காலத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைந்துள்ளது. 2018 ஜூன் மாதத்தில் ‘பிறப்புரிமை’க் குழுவொன்றில் சென்ற இளம்பெண்கள் ஐவர், பாலஸ்தீனரின் வாழ்வைப்பற்றித் தாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இடமில்லை என்று சொல்லி, குழுவைவிட்டு விலகி எபிரோனைக் காணச் சென்றனர். அவர்கள் செய்தது துரோகம் என்றனர் சிலர். மனச்சாட்சியின் செயல் என்றனர் வேறு சிலர். இருதரப்பாரும் யூதரே. 2023 அக்டோபர் 7 அன்று நடந்த கொலைத் தாக்குதலும், அதைத் தொடர்ந்து காசாவில் மாண்ட பல்லாயிரவரின் துயரமும் இப்பயணங்களின்மேல் நிழலிட்டன. 2025 ஜூனில் ஈரானுடன் போர் மூண்டபோது, ‘பிறப்புரிமை’ இளைஞர் ஏறக்குறைய 1,500 பேர் கப்பலில் சைப்பிரசுக்கு அனுப்பப்பட்டனர். நினைவைத் தேடிச் சென்றவர் நிகழ்காலத்தின் நடுவே நின்றனர்.

யூதரைச் சுட்டிக்காட்ட நமக்கு யோக்கியதை உண்டா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம்பூர்ப் பகுதியில் மிசூரி லுத்தரன் மிஷன் வழிவந்த சபைகள் உண்டு. வேலூர்ப் பகுதியிலோ 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் வழிவந்த சபைகள் உண்டு. சீர்திருத்தத் திருநாளில் நாம் அனைவரும் 1517-ஐப் போற்றுகிறோம். லுத்தர் 1543-இல் யூதருக்கு விரோதமாக எழுதிய கொடிய நூலைப்பற்றி நம் வாலிபர் எத்தனை பேருக்குச் சொன்னோம்? ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்ன அந்நூலின் வசைமொழிகளை மிசூரி சபையே 1983-இல் மறுத்துரைத்தது. நாமும் நம் மசாதாவின் உச்சியில் நின்றுகொண்டு எங்கேதியை மறந்தவர்களே.

5. யோப்பாவில் ஒரு வீடு

இஸ்ரவேலுக்குச் செல்லும் குழுக்கள் பல யாப்பாவின் பழைய நகரையும் காண்கின்றன. அதுவே வேதத்தின் யோப்பா. அங்கே கலங்கரை விளக்கத்தின் அருகே, தோல் பதனிடும் சீமோனின் வீடு என்று மரபாகச் சுட்டப்படும் ஓர் இடம் உண்டு. யூத இளைஞருக்கு அது ஒரு பழைய வீடு; நம் பயணிகளுக்கு அது புகைப்படத்திற்கு உரிய இடம். 1948 போரில் அவ்வூரின் அரபு மக்களில் மிகப் பெரும்பாலோர் வீடுவாசல்களை இழந்து வெளியேறினர் என்பதை இரு சாராரும் கேட்பது அரிது.

ஆனால் ஆம்பூரிலிருந்து செல்பவன் அவ்வீட்டின் முன்னே நிற்கும்போது எதை நினைக்கவேண்டும்? கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, டேனரியை ஊருக்கு வெளியே ஐம்பது முழம் தள்ளி, கிழக்குப் பக்கத்தில் மட்டுமே அமைக்கவேண்டும் என்று விதித்தது. தோல் பதனிடுகிறவனுடைய மனைவி அந்த நாற்றத்தின் காரணமாகவே விவாகரத்துக் கோரலாம் என்றும் இடங்கொடுத்தது. ஆயினும் யூத மரபு அத்தொழிலாளரை அறிவுக்குப் புறம்பாக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் பெரிய ரபிகளில் ஒருவராகிய யோசே பென் ஹலஃப்தா தோல் தொழில் செய்தவரே. அத்தகைய வீட்டில் பேதுரு அநேக நாள் தங்கினார். தீட்டைப் பற்றிய தரிசனத்தை அவர் கண்டது அவ்வீட்டின் மேல்தளத்தில்தான்.

பல ஆண்டுகளுக்குமுன் திடப்படுத்தல் வகுப்பில் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தை நாம் போதித்துக்கொண்டிருந்தோம். ஷிப்டு முடிந்து தகப்பன் வரும்போதே தெருவில் வாடை தெரியும் வீட்டிலிருந்து வந்த ஒரு பையன் எழுந்து, “ஐயா, பேதுரு தங்கின வீட்டிலேயும் எங்க வீட்டு வாடை அடிச்சிருக்குமா?” என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். “அடிச்சிருக்கும், தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வசனத்திற்குப் போனோம். அப்பையன் திடப்படுத்தலுக்குப்பின் ஆலயத்தின் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தான். சில ஆண்டுகளில் வராமலே போனான். அன்று அவன் கேட்டதைவிடப் பெரிய இறையியல் கேள்வியை நம் வகுப்பில் வேறொருவரும் கேட்டதில்லை. அக்கேள்வியோடு நின்று அமராமற் போனது நம் தவறு.

6. பாலாற்றங்கரையில் ஒரு யாத்திரை

யூத சமுதாயம் தன் பிள்ளைகளை நினைவின் இடங்களுக்குக் கொண்டுசென்றது. அது அவர்களுடைய பலம். நினைவில் தமக்கு வசதியானதை மட்டும் காட்ட நேர்ந்தது. அது அவர்களுடைய சோதனை. அச்சோதனையைத் தம்முள்ளேயே கண்டித்துப் பேச அறிஞரும் இளைஞரும் எழும்பினர். இது அவர்களுடைய தீர்க்கதரிசன மரபு. நாமோ முதற்படியையே எடுத்துவைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு யோர்தானைக் காட்ட ஆசைப்படுகிறோம், பாலாற்றைக் காட்டியதில்லை.

ஒரே நாளில் சென்று வரக்கூடிய ஒரு யாத்திரையை நம் வாலிபர் சங்கங்களுக்கு முன்மொழிகிறோம். ஆம்பூரில் ஆற்றங்கரையிலிருந்து தொடங்கலாம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தொழில், 1970-களுக்குப்பின் அரைகுறைத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, முடிவுற்ற தோலையும் ஷூவையும் நோக்கித் திரும்பி, குரோம் பதனிடுதல் பெருகிய வரலாற்றை ஒரு முதிய தொழிலாளியே சொல்லட்டும். பல்லாயிரம் குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இத்தொழில் சோறு போட்டதையும் அவர் சொல்லட்டும். வேலூரில், கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்க் கலகத்தையும், 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணியையும் நினைவுகூரலாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசு செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை இந்திய நாட்டின் சட்டமாக உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியதையும் அங்கே வாசிக்கலாம். நம் ஊர் மக்களின் கிணற்று நீரிலிருந்து பிறந்த தீர்ப்பு அது.

இறுதியாக இராணிப்பேட்டை. மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலைபோல் கிடந்த இடத்தையும், 2015 ஜனவரி 31 அன்று கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மாண்ட தொழிற்பேட்டையையும் நினைத்து அங்கே மௌனமாக நிற்கலாம். மாண்டவரில் மிகப் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர். நம் சபைகளில் எத்தனை, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்காக ஜெபித்தன?

இப்பயணத்தில் வழிகாட்டியாகச் செல்லும் ஆயருக்கு மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். முதலாவது, தமக்கு வசதியான கதையை மட்டும் சொல்லலாகாது. தொழில் கொடுத்ததையும் கெடுத்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம் காணிக்கைப் பெட்டியில் விழுந்த பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதும் அக்கதையில் அடங்கும். இரண்டாவது, உழைத்தவர் பேசவேண்டும், நாம் கேட்கவேண்டும். மூன்றாவது, கூட்டத்தைவிட்டு விலகிக் கேள்வி கேட்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளலாகாது. எருசலேமில் காணாமற்போன பிள்ளையை மரியாளும் யோசேப்பும் கண்டபோது, அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

குருத்துவக் கல்வி பயிலும் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒருநாள் பரிசுத்த பூமிக்குப் போவீர்களாயின் யோப்பாவின் அந்த வீட்டின்முன் சற்று அதிக நேரம் நில்லுங்கள். அதற்குமுன் ஆம்பூரில் ஒரு வீட்டிற்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள். பேதுரு அநேக நாள் தங்கினார்; நாம் ஒரு மாலைப்பொழுதாவது தங்கக்கூடாதா?